சுண்டக் கிண்டிய மாங்காய்ச் சட்னி

கல்யாணமான புதிதில் எங்கள் நன்னிலம் வீட்டில் மாங்காய்ச் சட்னிக்காகச் சண்டையே நடக்கும். தோல் சீவிய புளிப்பு மாங்காயை வரமிளகாயும் இஞ்சியும் போட்டு வேகவைத்து, இறக்கும்போது கொஞ்சம் வெல்லம் சேர்ப்பேன். தோசைமேல் ஊற்றினால் ஓட வேண்டும், அப்படி இருந்தால்தான் என் கணவருக்கு இறங்கும். வெல்லம் கொஞ்சம் தூக்கலாகிவிட்டால், "என்ன, பாயசம் வச்சிருக்கியா?" என்பார். மனிதருக்கு வாய் நீளம், நாக்கு அதைவிட நீளம்.

தெருவுக்குத் தெரு டெலிபோன் பூத் முளைத்த காலத்தில் அவர் துபாய்க்கு வெல்டிங் வேலைக்குப் போனார். லீவு முடிந்து திரும்புகிற யாரிடமாவது ஒரு பாட்டில் சட்னி கொடுத்தனுப்புவேன். தண்ணீராக இருந்தால் வழியிலேயே கெட்டுப்போகும், கொண்டுபோகிறவர் சட்டை துணியெல்லாம் நாசமாகும். அதனால் வெல்லத்தை அள்ளிப் போட்டு, அல்வா பதத்துக்குச் சுண்டக் கிண்டி அடைப்பேன். அந்தத் தித்திப்பு எனக்கே பிடிக்காது. எப்படியோ போய்ச் சேர்ந்தால் சரி.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் பூத்தில் அவர் போனுக்காகக் காத்திருப்பேன்.

"சட்னி வந்துச்சுங்களா?"

"வந்துச்சு. நல்லாருக்கு."

பாவம், என் மனசு நோகக்கூடாதென்று சொல்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். அவரை எதிரில் உட்காரவைத்து, அந்த ஓடுகிற சட்னியை ஒருதரம் ஊற்றிவிட வேண்டும். எனக்கு வேறு ஆசையே இல்லை. மாங்காய்க் காலத்தில் லீவு கிடைக்க வேண்டுமென்று ஆண்டவரை நச்சரித்துக்கொண்டே இருந்தேன்.

ஒரு வருஷம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பு நாட்களில் வந்தார். வீட்டில் கவிச்சி கிடையாது, கொல்லையில் மாங்காய்க்குப் பஞ்சமில்லை. மறுநாள் காலையே பழையபடி சட்னி செய்து, சுடச்சுட தோசைமேல் ஊற்றினேன். ஒரு வாய் வைத்தவர் முகத்தைச் சுளித்தார்.

"என்ன இது, தண்ணியா, ஒரே புளிப்பா இருக்கு? நீ அனுப்புவியே, நம்ம வீட்டுச் சட்னி, அத செய்யேன்."

குறையாகச் சொல்லவில்லை, ஆசையாகத்தான் கேட்டார். போனில் சொன்னதெல்லாம் உண்மைதான் போலிருக்கிறது. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

சட்டியைத் திரும்ப அடுப்பில் ஏற்றி, வெல்லத்தை அள்ளிப் போட்டுக் கிண்டினேன். பாயசமா என்று கேட்க ஒரு குரல் வராதா என்று காது கூடத்துப் பக்கமே இருந்தது. அவர் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். என் கணவர் இன்னும் ஊர் வந்து சேரவில்லை என்றே எனக்கு இருந்தது.