கத்தி பட்ட வேம்பு

மயிலாப்பூரில் எங்கள் தெருமுனை வேப்பமரம் நுனியிலிருந்து கருகத் தொடங்கியபோது, ஏதோ ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஒரு பெண்மணி வந்தார். தலையில் தொப்பி, புடவைக்குக் கீழே ஸ்போர்ட்ஸ் ஷூ. ஒவ்வொரு கிளையிலும் துளி பட்டை சீவியதும் கத்தியை ஸ்பிரிட் பஞ்சால் அழுத்தித் துடைப்பார். அடுத்த கிளை ஒரு சாண் தள்ளி இருந்தாலும் துடைப்பார். பார்த்துக்கொண்டிருந்த எனக்கே எரிச்சல் வந்தது.

மரத்தடியில் மஞ்சள் பூசிய அம்மன் கல். அதன் பக்கத்தில் கடை போட்டிருந்த பூக்காரம்மா எழுந்து வந்தார்.

“இன்னாம்மா, மரத்துக்கு மருந்து கீதா?”

“இது பூஞ்சை நோய்ம்மா. பாக்க ஒரே பூஞ்சை மாதிரிதான் இருக்கும். உள்ள மரபணு வேற வேற. ஒரு மருந்துக்கு ஒரு ரகம் சாகுது, இன்னொரு ரகம் தாங்கிக்கிட்டு வளருது. இந்த ஒரு மரத்துலயே எத்தனை ரகமோ!”

“அப்போ இன்னாத்துக்கு அறுக்கற?”

“எது எதுன்னு தெரிஞ்சுக்கத்தான். கத்தியில ஒட்டி ஒண்ணோட ஒண்ணு கலந்துட்டா தெரியாது, அதான் துடைக்கறேன்.”

“தெரிஞ்சிக்கினா பொழைச்சிக்குமா?”

அந்தப் பெண்மணி கத்தியை மறுபடி துடைத்தார். பூக்காரம்மா கல்லிலிருந்த மஞ்சளை வழித்து, கத்தி பட்ட இடங்களில் அப்ப ஆரம்பித்தார். எத்தனை பேர் கை பட்ட மஞ்சள் அது! அந்தப் பெண்மணி கட்டாயம் தடுப்பார் என்று நினைத்தேன்.

மேல்கிளைக் காயம் ஒன்று பூக்காரம்மாவுக்கு எட்டவில்லை. அந்தப் பெண்மணி கையை நீட்டி மஞ்சளை வாங்கினார். எம்பி, அந்தக் காயத்தில் தானே தடவினார். பிறகு மஞ்சள் விரலோடு ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார். ஸ்பிரிட் பஞ்சு இன்னொரு கையில் அப்படியே இருந்தது.