அட்டை மாறிப்போன கைக்கடிகாரம்

என் கணவருக்குக் கல்லூரி நாளிலிருந்தே ஒரு சுவிஸ் கைக்கடிகாரத்தின் மேல் ஆசை. பெரம்பலூரில் மக்காச்சோள வியாபாரம் செய்கிறவருக்கு அது எதற்கு என்று பலமுறை கேட்டிருக்கிறேன். "மணி பாக்கத்தான்" என்பார். புதிதாக வாங்க மட்டும் மனம் வரவில்லை. போன வருஷம் போனில் ஒரு விளம்பரம் பார்த்தார். அரியலூரில் ஒருவர் தன் கடிகாரத்தை விற்கிறார், வாரண்டி இன்னும் பாக்கி இருக்கிறது.

நான் கணக்கு டீச்சர். கடிகாரத்தின் பின்பக்க எண்ணும் வாரண்டி அட்டையின் எண்ணும் ஒன்றா, விற்ற கடையின் முத்திரையும் தேதியும் இருக்கின்றனவா, கைமாறினாலும் வாரண்டி செல்லுமா என்று பார்க்க வேண்டியதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன்.

"என்னையப் பத்தி ஒங்கப்பாகூட இவ்ளோ விசாரிக்கலியே" என்று சிரித்தார்.

ஒரு சனிக்கிழமை காலை பைக்கில் போனோம். விற்பவர் சிமெண்ட் ஆலையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். இதய ஆபரேஷனுக்குப் பிறகு, நாடித்துடிப்பு காட்டும் கடிகாரம் ஒன்றை மகள் அனுப்பியிருக்கிறாள். "ரெண்டு கையிலயும் கட்டிக்கிட்டுத் திரிய முடியுங்களா?" என்றார்.

என் கணவர் அதற்குள் கடிகாரத்தைக் கட்டியேவிட்டார். நான் கழற்றச் சொல்லி, போன் கேமராவில் எண்ணைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அட்டையில் இருந்தது வேறு எண்.

"நம்பர் ஒத்துவரலீங்க."

விற்பவர் பதறிவிட்டார். "ஏமாத்துறவன் இல்லீங்க டீச்சர். சிங்கப்பூர்ல நானே கடையில வாங்குனதுங்க."

காபி கொண்டுவந்த அவர் மனைவி டம்ளர்களை வைத்துவிட்டு, தன் கையில் இருந்த கடிகாரத்தைக் கழற்றித் திருப்பிப் பிடித்தார். "அட்டையில இருக்கறதப் படிங்க."

படித்தேன். அந்த அம்மாவின் கடிகாரத்து எண்தான். இருவரும் ஜோடியாக வாங்கியதில் அட்டைகள் பெட்டி மாறிவிட்டன.

"இவரு எடுத்து வச்சது எதுங்க எடத்துல இருந்திருக்கு?" என்றபடி பீரோவிலிருந்து தன் பெட்டியை எடுத்து வந்தார். அதற்குள் சரியான அட்டை இருந்தது. முத்திரை, தேதி எல்லாம் சரி. வாரண்டி முடிய இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தது.

சென்னை சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டு, எல்லாரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தேன். பேசிய பெண் எண்ணைச் சரிபார்த்து, "யார் கையில இருந்தாலும் வாரண்டி உண்டு மேடம். ஆனா வெளிக்கடையில திறந்திருந்தா செல்லாது" என்றாள்.

அந்த மனிதர் பேசாமல் இருந்திருக்கலாம். எங்களுக்குத் தெரியவா போகிறது? ஆனால் அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "லேட்டா ஓடுதுன்னு பஜார்ல ஒருதரம் தொறந்து பாக்கச் சொன்னேங்க. அதுல வாரண்டி போயிடும்னு தெரியாது."

"வுடும்மா, போலாம்" என்றார் என் கணவர். சொன்னாரே தவிர நாற்காலியை விட்டு எழவில்லை. கண் கடிகாரத்தின் மேலேயே இருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. இணைப்பில் காத்திருந்த பெண்ணிடம், "ஒங்ககிட்டயே சர்வீஸுக்குக் குடுத்தா?" என்று கேட்டேன். நல்ல நிலையில் இருந்தால் கட்டணத்துக்குச் செய்து தருவோம், அந்த சர்வீஸுக்குத் தனியாக வாரண்டி உண்டு என்றாள்.

"நானே செஞ்சு வாங்கி வைக்கிறேங்க. அப்புறம் வந்து எடுத்துக்கிங்க" என்றார் அவர்.

ஐந்து வாரம் கழித்துப் போனோம். சர்வீஸ் தாளில் இருந்த எண்ணை மறுபடியும் ஒத்துப் பார்த்தேன். அந்த அம்மா சிரித்துக்கொண்டே தன் கையை நீட்டி, "இதையும் ஒருதரம் பாத்துடுங்க டீச்சர்" என்றார்.

திரும்பும் வழியில் குன்னத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். என் கணவர் கடிகாரம் கட்டிய கையை விலக்கிக்கொண்டு, தன் கிளாஸையும் என்னிடமே கொடுத்தார்.

"ஆவி பட்டுடும், கொஞ்சம் புடி."

"தண்ணி எறங்காதுன்னு போட்டிருக்குங்க."

"ஆவி எறங்காதுன்னு போட்டிருக்கா?"

டீ ஆறும் வரைக்கும் இரண்டு கிளாஸையும் நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன்.