எங்கிருந்தாலும் உடனடியாக வரவும்

டொக், டொக். பிறகு ஓர் ஊதல்: ஃபூ... ஃபூ... அதற்குப் பின்னால் கொஞ்சம் கரகரப்பு. வவுனியாவில் நான் இப்போது குடியிருக்கிற ஒழுங்கையின் முடிவில் ஒரு கல்யாண மண்டபம் கட்டிவிட்டார்கள். கிழமைக்கு இரண்டு நாளாவது யாரோ ஒருவன் அங்கே மைக்கைத் தட்டி, ஊதி, அதற்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்கிறான். பாட்டு எனக்குப் பிரச்சினையில்லை, மேளமும் பிரச்சினையில்லை. இந்த ஊதல்தான். தேத்தண்ணீர்க் கோப்பையோடு கிணற்றடியில் நிற்பேன், அது கேட்கும், உடனே என் முதுகு ஒளிந்துகொள்ள ஒரு சுவரைத் தேடும். ஐம்பதைத் தாண்டிய ஆளுக்கு இது அழகில்லை என்று தெரியும்.

மைக்கில் ஊதுகிறவனுக்கும் உனக்கும் என்ன பகை என்று கேட்பீர்கள். சொல்கிறேன். நேராகச் சொல்ல வராது, ஏனென்றால் அந்த ஊதலோடு மண்ணெண்ணெய் மணமும் கூடவே வந்துவிடும். அந்த நாட்களில் வன்னியில் எல்லாமே மண்ணெண்ணெய்தான். ஜாம் போத்தல் விளக்கு, தண்ணீர்ப் பம்ப், மோட்டார் சைக்கிள், ஏன், பெண்களின் கூந்தலில்கூட எண்ணெய்க்கு மேலால் அது மணக்கும். பொருளாதாரத் தடையில் பெற்றோல் என்பது மருந்து. சின்னப் போத்தலில் வைத்திருந்து, எஞ்சினின் வாயில் நாலு சொட்டு விட்டு உசுப்பிவிட்டால், மிச்சத் தூரத்தை அது மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடும். கிளிநொச்சிக்குக் கார்னிவல் வந்ததும் அப்படி இருமிக்கொண்டுதான்.

தொண்ணூற்றைந்தின் சித்திரை வெயில். அரசுக்கும் இயக்கத்துக்கும் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்த மாதங்கள், குண்டு போடுகிற பொம்மர் வரவில்லை. இதன் அர்த்தம் இப்போது உள்ளவர்களுக்குப் புரியாது. அதுவரை பத்துப் பேர் ஓரிடத்தில் கூடினாலே யாராவது ஒருவர் மேலே பார்த்து, "பிரியுங்கோ, பிரியுங்கோ" என்பார். கூட்டம் என்றாலே குறி. அப்படிப்பட்ட சனம் அந்த மாதங்களில் கூட்டத்துக்காகவே கூட்டம் சேர்ந்தது. சந்தைக்குப் பக்கத்து வெளியில் ராட்டினம், படகு ஊஞ்சல், வளையம் எறிகிற கடைகள், வறுத்த கச்சான் கடலை, பஞ்சுபோல் சீனித் தும்பு முட்டாஸ், நிழலே இல்லாத ஒரு வெளி முழுக்கத் தலைகள். முகப்பில் சைக்கிள் விட்ட இடத்தில் ஆயிரம் ஹாண்டில்கள் வெயிலில் மின்னின. ஒருவர் வியர்வை மற்றவரில் ஒட்டியது. யாரும் முகம் சுளிக்கவில்லை. இடிபடுவதற்கென்றே வந்திருந்தோம்.

நானும் யசிந்தாவும் வேறொரு கணக்கில் வந்திருந்தோம். அத்தனை சனத்துக்குள் இரண்டு பேரை யார் கவனிக்கப்போகிறார்கள்?

யசிந்தா முல்லைத்தீவுக் கரையோரத்துப் பிள்ளை, கத்தோலிக்க வேதக்காரக் குடும்பம். வட்டக்கச்சியில் நான் வேலை செய்த கூட்டுறவுச் சங்கக் கந்தோரில் தட்டெழுத்துக்கு வந்தவள். ரிபன் கிடைக்காத காலம். தேய்ந்த ரிபனுக்கு விளக்குக் கரியும் தேங்காயெண்ணெயும் பூசி அடிப்பாள். அவள் அடித்த கடிதங்களை வாசித்தவனின் விரல் கறுக்கும். என் விரல்கள் இரண்டு வருடம் கறுத்துக் கிடந்தன. அதற்கு மேல் விளக்கம் வேண்டாம் என்று நினைக்கிறேன்.

முதல் வேலையாக ராட்டினம். ஆட்களை ஏற்றியவர் எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, குடும்பமோ? தனி ஆக்களெண்டா பொம்பிளையள் மற்றப் பக்கம்."

"குடும்பம்தான்," என்றாள் யசிந்தா, நான் வாயைத் திறக்குமுன்.

பெட்டிக்குள் இருந்த பிறகு மெல்லக் கேட்டேன். "தவக்காலத்தில இப்பிடிப் பொய் சொல்லலாமோ நீர்?"

"நான் இந்தமுறை இனிப்பைத்தான் விட்டனான். பொய்யை விடேல்லை."

அடுத்த நாள் குருத்தோலை ஞாயிறு, பெரிய கிழமையின் தொடக்கம். தவக்காலத்துக்கு அவள் இனிப்பை விட்டிருந்தது மெய்தான். வாங்கிய இரண்டு தும்பு முட்டாஸையும் நானே தின்று, மீசையில் சீனி ஒட்ட, காதலியோடு ராட்டினம் ஏறிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

ராட்டினத்தைச் சுழற்றியது ஏதோ ஒரு பழைய காரின் எஞ்சின். மூன்றாம் சுற்றில், எங்கள் பெட்டி உச்சியில் நிற்கும்போது, அது இருமி ஓய்ந்தது. கீழே ஒருவர் பெற்றோல் போத்தலைத் தேடி ஓடினார். இரண்டு மணி வெயில். இரும்பில் கை வைக்க முடியவில்லை. கீழே பார்த்தால் எல்லா முகங்களும் எங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தன, கையைக் கண்ணுக்கு மேல் குடை பிடித்தபடி, பொம்மரைப் பார்க்கிற அதே மாதிரி.

"பயமா இருக்கே உமக்கு?"

"கீழ நிக்கேக்கதான் மேல பாக்கப் பயம். மேல வந்தாப் பிறகு என்ன?" என்றாள். பிறகு, அதற்காகவே காத்திருந்தவள்போல, "அப்பா மூண்டு மணிக்கெல்லாம் வந்திடுவார். நாலு மணித் தட்டிவானில என்னைக் கூட்டிக்கொண்டு போறார். பெரிய கிழமை முடியச் சம்மாட்டி வீட்டுக்குப் பதில் சொல்லவேணுமாம்."

சம்மாட்டி என்பது அவர்கள் ஊரில் நாலைந்து வள்ளம் வைத்திருந்த மனிதர். அவருடைய மகனுக்கு இவளைக் கேட்டிருந்தார்கள். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் மூன்று கிழமையாக அதைப்பற்றிக் கதைக்காமல், ரிபனைப்பற்றியும் நெல்லு விலையைப்பற்றியும் கதைத்துக்கொண்டிருந்தவன் நான்.

"இண்டைக்கே நீங்கள் அப்பாவோட கதைக்கவேணும். நான் கதைச்சா அழுகையாப் போயிடும்."

"கதைக்கிறன்."

"உங்கட அப்பாவின்ர பேரை முதல் கேப்பார். என்ன சொல்லுவியள்?"

"சண்முகம்."

அவள் சிரிக்கவில்லை. "சம்பளத் தாளில முழுப் பேரும் அடிக்கிறது ஆர் எண்டு நினைச்சியள்?"

இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. என் அப்பாவின் பெயர் சடையன். தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர். மலையில் கலவரங்கள் வந்தபோது ஒரு கைப்பெட்டியோடும் எங்கள் எல்லோரோடும் வன்னிக்கு இறங்கி, காட்டை வெட்டி, வட்டக்கச்சியில் வயல் செய்தவர். அவரைப்போல நெல் விளைத்தவர்கள் அந்த வாய்க்கால் ஓரத்தில் குறைவு. ஆனாலும் 'தோட்டக்காட்டார்' என்ற இளக்காரச் சொல் எங்களுக்கு முன்னரே பஸ் ஏறி வந்து அங்கே உட்கார்ந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் இடாப்பில் அப்பாவின் பெயரோடு என்னைக் கூப்பிடும்போது பின் வாங்கில் இருந்து வரும் சிரிப்பை நான் இன்றைக்கும் தனித்தனிக் குரலாகப் பிரித்துச் சொல்வேன். கந்தோருக்கு வந்தபோது அப்பாவை ஒரு முதலெழுத்துக்குள் மடித்து வைத்துவிட்டேன். 'ச' எண்டா என்ன தம்பி என்று யாராவது கேட்டால், சண்முகம். வீட்டில் "வாறேம்ப்பா" என்று இறங்குகிறவன், கந்தோர்ப் படியில் ஏறும்போது "வாறன்" ஆகிவிடுவேன். இரண்டு நாக்கு. சாமர்த்தியம் என்று நினைத்திருந்தேன்.

"சடையன் எண்டா என்ன?" என்றாள் யசிந்தா. "எங்கட அப்பாவைக் கரையில சுங்கான் எண்டு பட்டப்பேராலதான் எல்லாரும் கூப்பிடுறவை. கடிதம்கூட அந்தப் பேருக்குத்தான் வாறது. முழுப் பேரையும் சொல்லுங்கோ. சொல்லுவியளோ?"

"ஓம்," என்றேன். அந்த உயரத்தில் எதற்கும் ஓம் சொல்லலாம்போலத்தான் இருந்தது.

இறங்கினோம். கடை கடையாகச் சுற்றினோம். அவளுடைய தங்கச்சிக்குக் காப்பு, எனக்கு ஒரு சீப்பு. தேசிக்காய்த் தண்ணீர் ஒன்று வாங்கி இரண்டு பேரும் குடித்தோம், அவள் சீனி போடவேண்டாம் என்றதால் முழுத் தண்ணீரும் சீனியில்லாமல். சனம் நெருக்கியபோது அவள் கையைப் பிடித்தேன். யாரும் கவனிக்கவில்லை. அந்த அரைமணி நேரம் மட்டும் எங்கள் கணக்குச் சரியாகத்தான் இருந்தது.

அப்போது ராட்டினத்து எஞ்சின் வெடித்தது. வெடித்தது என்றால், மண்ணெண்ணெய் குடித்த எஞ்சின் சைலன்சருக்குள்ளால் ஒரு 'டமார்' விட்டது. அவ்வளவுதான். ஆனால் அந்த முழு வெளியும் ஒரே வீச்சில் நிலத்தில் விழுந்தது. கச்சான்காரர் தாச்சிக்குப் பின்னால், தாய்மார் பிள்ளைகளுக்கு மேல், நான் ஒரு கான் வாய்க்காலுக்குள். காதைப் பொத்தி, வாயைத் திறந்து, முழங்கையை ஊன்றி, பள்ளிக்கூடத்தில் பழக்கியபடி. ஒரு நிமிடம் இருக்கும். பிறகு ஒரு குழந்தையின் சிரிப்பு. பிறகு எல்லோரும் சிரித்தோம், புழுதி தட்டி, செருப்புத் தேடி, ஒருவரை ஒருவர் காட்டிக் காட்டி. நான் சிரித்து முடித்துக் கையைப் பார்த்தேன். அதில் சீப்பு இருந்தது. யசிந்தாவின் கையை எப்போது விட்டேன் என்று தெரியவில்லை.

தேடினேன். காப்புக் கடை, தண்ணீர்க் கடை, மறுபடி காப்புக் கடை. மூன்று மணியும் தாண்டிவிட்டது. அத்தனை தலைகளுக்குள் நாங்கள் ஒளிந்துகொள்ள வந்தோம் அல்லவா, அந்தத் தலைகளே அவளை விழுங்கி வைத்திருந்தன. தும்பு முட்டாஸ்காரரின் படங்கு நிழலில் ஒதுங்கியபோது அங்கே வேலு அண்ணன் நின்றார். எங்கள் வாய்க்காலுக்கு அடுத்த வீடு, அப்பாவோடு ஒரே லயத்திலிருந்து வந்தவர்.

"என்னாப்பா தனியா? யாரத் தேடுற?"

"சும்மாண்ணே."

டொக், டொக். ஃபூ... ஃபூ...

"அன்பார்ந்த பொதுமக்களே, ஓர் அறிவித்தல். வட்டக்கச்சியிலிருந்து வருகை தந்திருக்கும் சடையன்—" அதற்குப் பிறகு என் பெயர். "அவர்களை யசிந்தா என்பவர் ஒலிபரப்பு நிலையத்தில் எதிர்பார்த்து நிற்கின்றார். எங்கிருந்தாலும் உடனடியாக வரவும்."

(என் பெயரை இங்கேயும் எழுதவில்லை, கவனித்திருப்பீர்கள்.)

எனக்கு முன்னால் நின்ற பெடியன்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். "சடையனாம்டா! சடையன்ர மகனைப் பெட்டையொண்டு தேடுதாம்!" ஒருவன் இல்லாத தலைமுடியைச் சுருட்டி முடிந்து காட்டினான். அவர்களுக்கு என்னைத் தெரியாது. அது ஒன்றும் உதவவில்லை. பின் வாங்கு முழுவதும் எழுந்து நின்றதுபோல இருந்தது.

"டேய், ஒம் பேரத்தானே கூப்புடுறாங்க?" என்றார் வேலு அண்ணன்.

"இல்லண்ணே. அது வேற யாரோ."

இரண்டாம் தரம் ஊதல். அதே பெயர்கள், அதே 'எங்கிருந்தாலும்'. வேலு அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். "எனக்குத் தெரியாதுண்ணே," என்றேன். "மூன்றாவதும் இறுதியுமான அறிவித்தல்" என்றபோது அவர் ஒன்றும் கேட்கவில்லை. நானாகவே தலையாட்டினேன், இல்லை என்று.

அவள் என்ன செய்திருந்தாள் என்பது எனக்கு விளங்கப் பல வருடங்கள் பிடித்தன. ஒரு குமர்ப்பிள்ளை, தகப்பனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஓர் ஆம்பிளையைப் பெயர் சொல்லி ஊருக்கே கூப்பிட்டிருக்கிறாள். என் வாயில் வரத் தயங்கிய பெயரை எனக்காகச் சொல்லியும் விட்டாள். கஷ்டமானது முடிந்துவிட்டது. நான் நூறடி நடந்து போய் நிற்பது மட்டும்தான் மிச்சமாக இருந்தது. நான் சீப்பின் பல்லை எண்ணிக்கொண்டு நின்றேன்.

அந்த வெளி இப்போது இல்லை. அந்த இடத்தில் தொலைபேசிக் கடையும் ஒரு வங்கியும் நிற்கின்றன. பத்துப் பதினொரு நாளில் பேச்சுவார்த்தை முறிந்தது, பொம்மர் திரும்பி வந்தது, கூட்டம் மறுபடியும் குறியானது. அடுத்த வருடம் கிளிநொச்சியே இடம்பெயர்ந்து எழும்பி நடந்தது. அப்பா ஒரு மரத்தின் கீழே காய்ச்சலில் போனார். பதிவு எழுதியவரிடம் முழுப் பெயரையும் எழுத்துக் கூட்டிச் சொன்னேன். சடையன். அவர் சிரிக்கவில்லை. யாரும் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு தேவாலய விறாந்தையில் பாய் விரித்திருந்தபோது, குருத்தோலை ஞாயிறன்று உள்ளே வாசித்தார்கள், சேவல் கூவுமுன் தன் ஆண்டவரை மூன்று தரம் தெரியாது என்று சொன்னவனைப்பற்றி. நான் தண்ணீர் எடுக்கப் போகிறவன்போல வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். யசிந்தாவின் கரையைப் பற்றிக் கேட்கக்கூடியவர்களிடமெல்லாம் கேட்டேன். சண்டை ஒருமுறையும் கடல் ஒருமுறையும் வந்துபோன ஊர் அது. இந்தியாவுக்கு வள்ளம் ஏறியதாக ஒருவர் சொன்னார். சம்மாட்டி வீட்டில் மூன்று பிள்ளைகளோடு கண்டதாக இன்னொருவர். யசிந்தா என்று எங்கள் ஊரில் ஏழு பேர், எந்த யசிந்தா என்று மூன்றாமவர். வேலு அண்ணனும் இல்லை. அப்பாவிடம் அவர் அதைச் சொன்னாரா என்று கேட்க இனி ஆளில்லை. சனம்கூட இப்போது விமானச் சத்தத்துக்கு மேலே பார்ப்பதில்லை.

ஆனால் நாலு மணிக்கு நான் ஓடினேன், அதையும் சொல்லவேண்டும். காவல் துண்டைக் கொடுத்துச் சைக்கிளை எடுத்து, புழுதிச் சட்டையோடு மிதித்து, பின்பக்கம் திறந்த அந்தப் பழைய பஸ், தட்டிவான், நின்ற இடத்துக்குப் போனேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பின்தட்டி ஓரத்தில் யசிந்தா, மடியில் காப்புப் பொட்டலம். பக்கத்தில் அவளுடைய அப்பா, வெயிலில் வெந்து கறுத்த, மெலிந்த, நல்ல முகம். அவர்தான் என்னை முதலில் கண்டார். ஒலிபெருக்கிக்கு வராத ஆள் நான்தான் என்று அவருக்குத் தெரியாது.

"பாவம், வெயிலுக்க ஓடி வந்திருக்கிறார். ஆர் பிள்ளை இவர்?"

ஒரு மூச்சு நேரம் இருந்தது. இரண்டு சொல்லுக்குப் போதுமான நேரம். அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், கோபமில்லாமல், நான் சொல்வேன் என்று இன்னும் கொஞ்சம் நம்பிக்கொண்டு. நான் சைக்கிள் பெல்லைப் பிடித்தபடி நின்றேன். தட்டிவான் அசைந்தது. அவள் அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"கந்தோரில வேலை செய்யிறவர், அப்பா. சண்முகத்தாற்ர மகன்."