ஹார்டு டிஸ்க்குக்கு வைத்த சந்தனப் பொட்டு

போன வருடம் விஜயதசமி அன்று காலை, காஞ்சிபுரம் செவிலிமேட்டில் எங்கள் வீட்டில் நடந்தது இது. பட்டுப் புடவைக்கு பார்டர், முந்தானை டிசைன் வரைந்து கொடுப்பது என் தொழில். இன்றைக்கும் நான் வரைவது, கல்லூரி முடித்த வருடம் வாங்கிய ஹோம் கம்ப்யூட்டரில்தான். அதைத் தூக்கிப் போடச் சொல்லாத ஆளே எங்கள் சொந்தத்தில் கிடையாது. போடுவேனா?

வரைந்ததெல்லாம் அதன் பக்கத்தில் தனியாக நிற்கும் ஹார்டு டிஸ்க் பெட்டியில் இருக்கும். என் மகளின் முகூர்த்தப் புடவை டிசைனும் அதில்தான். மாதக்கணக்கில் வரைந்தது, வேறெங்கும் நகல் இல்லை. நல்ல நாளாயிற்றே என்று, டிசைனைப் பார்த்துத் தறிக்கான ஓட்டை அட்டை அடித்துக் கொடுப்பவர் அன்றைக்கே வேலையைத் தொடங்கக் காத்திருந்தார். மதியத்துக்குள் நான் பிரிண்ட் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

ஸ்விட்சைப் போட்டேன். கம்ப்யூட்டர் எழுந்தது, பெட்டிக்குள் டிஸ்க் சுற்றும் சத்தமும் கேட்டது. திரையில் மட்டும் ஹார்டு டிஸ்க்கைக் காணோம். அணைத்துப் போட்டேன், மறுபடி போட்டேன். ம்ஹூம்.

ஜரிகைக் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் எங்களுக்குப் பழக்கம். பழைய கம்ப்யூட்டர் என்றால் அவருக்கும் என்னை மாதிரியே பைத்தியம். போன் செய்ததும் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு ஓடி வந்தார். வேறு ஒயர் மாற்றினார். பெட்டியை முதலில் போட்டு, கம்ப்யூட்டரைப் பிறகு போட்டார். எதற்கும் மசியவில்லை. கடைசியில் பெட்டியின் பின்னால் ஃபேன் காற்று வரும் இடத்தில் மூக்கை நீட்டினார்.

“அக்கா, இன்னாக்கா இது? சந்தன வாசனை அடிச்சிக்கினு இருக்குது!”

என் வீட்டுக்காரர் மெதுவாகச் சமையலறைப் பக்கம் நழுவப் பார்த்தார். பிடித்துக்கொண்டேன். ஆயுத பூஜைக்கு முதல்நாளே ஒயரையெல்லாம் கழற்றித் துடைத்துப் பொட்டு வைத்தது அவர்தான்.

“முன்பக்கம் மொழுக்குன்னு இருந்துச்சுமா. பின்னாடிதான் கண்ணு மூக்கு மாதிரி ஓட்டை ஓட்டையா இருந்துச்சு. அதான் மொகம்னு நெனச்சி நல்லா கெட்டியா வச்சேன். காலையில துடைச்சிட்டுத்தானே ஒயரை மாட்டினேன்!”

வெளியே துடைத்திருந்தார். ஒயர் செருகும் ஓட்டைகளுக்குள் போன சந்தனம் காய்ந்து இறுகிப் போயிருந்தது. திட்டத்தான் வாயைத் திறந்தேன், சிரிப்புதான் வந்தது. மகள் தரையில் உட்கார்ந்தே சிரித்தாள்.

மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பாய் ஸ்பிரிட்டைத் தொட்டுப் பழைய டூத் பிரஷால் பொறுமையாகச் சுத்தம் செய்தார். நன்றாகக் காயவிட்டு மறுபடி போட்டோம். ஹார்டு டிஸ்க் திரையில் வந்து நின்றது. திறந்தால், என் டிசைன் ஒரு கட்டம் குறையாமல் இருந்தது! எல்லோரும் கை தட்டினோம். சத்தமாகத் தட்டியது என் வீட்டுக்காரர்தான்.

பிரிண்ட்டை அவரே வண்டியில் கொண்டுபோய் மதியத்துக்குள் கொடுத்துவிட்டு வந்தார். மகள் அந்தப் புடவையைக் கட்டித்தான் மணையில் உட்கார்ந்தாள்.

இப்போதெல்லாம் வீட்டில் எது மக்கர் செய்தாலும், யார் கெடுத்தது என்று கத்துவதற்கு முன்னால், யாராவது ஆசையாக அதற்கு ஏதாவது செய்து வைத்திருப்பார்களோ என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.