வண்டி அம்மணிக்குங்க

போன ஞாயிற்றுக்கிழமை அவிநாசிக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்துக்கு, பழைய வண்டி ஒன்று விலைக்கு வந்திருக்கிறதென்று பார்க்கப் போயிருந்தோம். முந்நூற்றைம்பது சிசி. தகரக் கொட்டகைக்குள் வண்டியின் மேல் கிடந்த படுதாவை விற்கிற தம்பி உருவினார் பாருங்கள், பெட்ரோலும் செயின் எண்ணெயும் ரெக்சினும் கலந்து ஒரு வாசனை. மல்லிகைப்பூவுக்கு மயங்குகிற பெண்கள் இருக்கட்டும், எனக்கு இதுதான். ஐம்பத்து நாலு வயசில் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

எங்க ஊட்டுக்காரரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். காலேஜ் லைப்ரரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கியர் இல்லாத ஸ்கூட்டரைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை. அன்றைக்கும் அதில்தான் என்னைப் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப்போயிருந்தார். கடைகண்ணிக்கு நானும் ஸ்கூட்டர் ஓட்டுவேன்தான். அது மோர், இது கள்ளு.

கிளம்புவதற்கு முன்னாலேயே வீட்டில் ஓர் ஒப்பந்தம். அந்த வண்டியை நான் ஒருத்தியாகத் தள்ளித் திருப்பி, ஓட்டிப்போய், கொண்டுவந்து ஸ்டாண்டு போட்டுவிட்டால் வாங்குவது. முடியாவிட்டால் இனி இந்தப் பேச்சையே எடுப்பதில்லை. ஒப்பந்தம் போட்டவளும் நானேதான். முட்டி வலி, வயசு, ஊர் சிரிக்கும் என்று எத்தனை வருஷம் ஒவ்வொன்றாகச் சொல்லித் தள்ளிப்போடுவது? என் தங்கச்சி ஃபோனில், ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க என்று வாழ்த்தினாள்.

விற்கிற தம்பி பனியன் தைத்துக் கொடுக்கிற தொழில் செய்கிறவர். முதுகு வலி வந்து வண்டியைத் தள்ளிவிடப் பார்க்கிறார். எங்க ஊர்ப் பக்கத்தில், வந்தவர் தொண்டை நனையாமல் வியாபாரம் பேச மாட்டார்கள். ஆளுக்கொரு இளநீர் வந்தது. செயின் மாற்றி எவ்வளவு நாளாச்சு என்று நான் கேட்டேன். போன தீபாவளிக்குத்தானுங்க சார் என்று எங்க ஊட்டுக்காரருக்குப் பதில் போனது. என்ஜினைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்றிருந்தது. நாங்கள் வருமுன்னே ஓடவிட்டுச் சூடாக்கி வைக்கிற வேலையெல்லாம் பண்ணவில்லை, யோக்கியமான ஆள். ஆனால் கடைசிவரைக்கும் கேள்வி என்னுடையது, பதில் அவருக்கு.

அப்புறம் சாவியை இரண்டு கையாலும் நீட்டி, சார் ஒரு ரவுண்டு போயிட்டு வரட்டும் என்றார். எங்க ஆட்களுக்கு ஒரு கோளாறு உண்டு. மரியாதையாக ஒருத்தர் எதையாவது நீட்டினால் வேண்டாமென்று சொல்ல வாய் வராது. இவர் வாங்கிக்கொண்டார். வாங்கினதோடு விட்டாரா, ஏறி உட்கார்ந்தும்விட்டார். திருடனுக்குத் தேள் கொட்டினாப்பல முகம். நான் காப்பாற்றியிருக்கலாம். இளநீர் வழுக்கையைச் சுரண்டித் தின்றுகொண்டு வேடிக்கை பார்த்தேன்.

கியர் எங்கே இருக்கிறதென்று காலால் துழாவிப் பார்த்துவிட்டு, மெதுவாக இறங்கிச் சொன்னார்.

"ஏனுங்க தம்பி, வண்டி எனக்கில்லீங்க. அம்மணிக்குங்க."

தம்பி என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் புதுசில்லை. இருபத்திரண்டு வயசில் ஊர் ஊராக என்னை அப்படிப் பார்த்திருக்கிறார்கள்.

அப்போது கணபதியில் ஒரு பம்புசெட் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் இருந்தேன். டிப்ளமோ முடித்ததும் கிடைத்த வேலை. தோட்டந்தோட்டமாகப் போய் மோட்டார் பார்க்கிற மெக்கானிக் ராசண்ணன் காலில் மோட்டார் ஒன்று விழுந்து மாவுக்கட்டு. கோடை வேறு, கிணற்றில் மோட்டார் நின்றால் பயிர் போச்சு. ராசண்ணனை வண்டியில் வைத்துக் கூட்டிப்போக ஆள் இல்லாமல் முதலாளி தவித்துக்கொண்டிருந்தார். என்னிடம் வந்து, ஏங்கண்ணு, நீ வண்டி ஓட்டிப்போடுவியா என்றார். ஓட்டீருவேனுங்க என்றேன். மொபெட்டா, பெரிய வண்டியா என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கம்பெனி வண்டி ஒரு எருமை. பின்னால் ஸ்பானர் பெட்டி வேறு. சாப்பாட்டு நேரத்தில் கம்பெனிக் காம்பவுண்டுக்குள்ளேயே விழுந்து எழுந்து பழகினேன். துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு, கம்பெனி கொடுத்த ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பினால், பஸ் ஜன்னலெல்லாம் தலையாக இருக்கும். பின்னால் ராசண்ணன் மாரியாத்தாளைக் கூப்பிட, முன்னால் நான் மாதாவைக் கூப்பிட, இரண்டு பேரும் சேர்ந்துதான் எங்களைக் கரைசேர்த்திருக்க வேண்டும்.

ஒருநாள் அன்னூர்ப் பக்கத்திலிருந்து கூப்பிட்ட தோட்டத்தின் பேரை இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டேன். நாங்கள் போத்தனூருக்குக் குடிவருவதற்கு முன்னால் எங்கப்பா பண்ணையத்து ஆளாக வேலை செய்த தோட்டம் அது. ரோட்டிலிருந்து உள்ளே போக, இரண்டு பக்கமும் கள்ளிவேலி போட்ட இட்டேரிப் பாதை ஒன்று உண்டு. அதில் கால் வைக்குமுன் அப்பா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். அப்பா மட்டுமில்லை, எங்க தெருவில் எல்லாரும். சின்ன வயசில் ஏன் என்று கேட்டதற்கு, அந்தப் பக்கம் முள்ளு கெடையாது கண்ணு என்றார். முள் இல்லாத இட்டேரியை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

வண்டியை நிறுத்தாமல் உள்ளே விட்டேன். கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்த தோட்டத்துக்காரர் சத்தம் கேட்டு எழுந்து நின்றார். மெக்கானிக் வந்தாச்சு என்கிற நிம்மதியில் எழுந்ததுதான், ஆனாலும் எழுந்தார். ராசண்ணன் ஸ்டார்ட்டரைச் சரிபண்ணி, தொட்டியில் தண்ணீர் கொட்டின பிறகு, "அம்மணி யாரு ஊட்டுப் புள்ளைங்க?" என்று தோட்டத்துக்காரர் என்னைக் கேட்டார். அப்பா பேரைச் சொன்னேன். அந்த 'ங்க' அங்கேயே நின்றுபோனது. தண்ணீரில் கையை அலசிக்கொண்டே, "பரவால்ல, படிக்க வெச்சுப்போட்டான்" என்றார்.

வண்டியை எடுத்து, அந்த இட்டேரி முழுக்க ஹார்ன் அடித்துக்கொண்டே வந்தேன். எதிரே ஒரு ஆடுகூட வரவில்லை. யாருக்கு அம்மணி அடிக்கறே என்று ராசண்ணன் கேட்டுக்கொண்டே வந்தார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றது. கேட்டது ஒன்றே ஒன்று.

"செருப்பு போட்டுட்டா போனே?"

"ஷூவே போட்டுட்டுப் போனேனுங்கப்பா."

புரையேறி, கண்ணில் தண்ணீர் வந்து, தலையில் தட்டிக்கொண்டு சிரித்தார். எங்கப்பா அப்படிச் சிரித்து அதற்கு முன்னால் நான் பார்த்ததே இல்லை.

ராசண்ணனுக்குக் கட்டுப் பிரித்தார்கள். வண்டி அவரிடம் போனது, நான் பழையபடி டெஸ்டிங்குக்குப் போனேன், கல்யாணமானது, பிள்ளையானது. அந்தக் கனத்தை இன்னொரு தரம் கையில் பிடிக்க வேண்டுமென்ற ஆசை மட்டும் என்னை விடவே இல்லை. எனக்கு மைலேஜும் பெரிசில்லை, ஸ்டைலும் பெரிசில்லை. ஆசை அவ்வளவுதான்.

இப்போது கொட்டகையில் அந்தத் தம்பி, கனமான வண்டிங்கக்கா, நான் வேணா திருப்பி நிறுத்தித் தர்றேனுங்க என்றார். வேண்டாமென்றேன். பாருங்கள், எனக்கு வாய் வந்துவிட்டது. கொட்டகையிலிருந்து பின்பக்கமாக இழுத்து வெளியே கொண்டுவந்தேன். ஜல்லியில் பின்சக்கரம் வழுக்கி, வண்டி என் பக்கமாகச் சாய்ந்தது. இரண்டு ஆம்பளைகளும் ஓடி வந்தார்கள்.

"யாரும் தொடாதீங்க" என்றேன்.

சாய்ந்துபோனால் கதை முடிந்தது, தங்கச்சி பழமொழியை ஒப்புக்கொண்டு வீட்டில் கிடக்க வேண்டியதுதான். முட்டி கத்தியது. பல்லைக் கடித்து இடுப்பைக் கொடுத்தேன். வண்டி கொஞ்சம் யோசித்துவிட்டு நிமிர்ந்தது. ஏறி உட்கார்ந்து, தோட்டத்தைத் தாண்டி ரோட்டுக்கு வந்து மூன்றாம் கியர் விழுந்தபோது ஹெல்மெட்டுக்குள் கத்தினேன். என்ன கத்தினேன் என்று இங்கே எழுத முடியாது. திரும்பி வந்து ஒரே மிதியில் ஸ்டாண்டு போட்டேன்.

இவர் தொண்டையைக் கனைத்து விலை பேச ஆரம்பித்தார். தம்பி அவரைப் பார்க்கவே இல்லை. "நீங்க சொல்லுங்கக்கா" என்றார் என்னிடம். பேசி முடித்து, அன்றைக்கே எடுத்துக்கொண்டு கிளம்பினேன். இவர் ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்தார்.

நேராக வீட்டுக்குப் போகாமல் அன்னூர்ப் பக்கம் சுற்றிக்கொண்டு போனேன். கள்ளிவேலியைக் காணோம். கிணற்றை மூடிவிட்டார்கள். தோட்டம் முழுக்க மனை பிரித்து, கல் நட்டு, முகப்பில் வளைவு வைத்து ஏதோ நகர் என்று எழுதியிருக்கிறது. எல்லாம் மாறிவிட்டதென்று சொல்ல நான் கிறுக்கி இல்லை. டீக்கடையில் ஊர் பேரைக் கேட்டே ஆளை அளக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் இங்கே சின்னப் பெண் ஒருத்தி ஃபோனைப் பார்த்தபடி, தார் ரோட்டில் செருப்பைச் சரக் சரக்கென்று தேய்த்துக்கொண்டு போனாள். இட்டேரி எங்கே தொடங்கினது என்று நான் சுற்றிச் சுற்றி வந்ததைப் பார்த்து இவர் ஸ்கூட்டரைப் பக்கத்தில் நிறுத்தினார்.

"என்ன அம்மணி தேடறே?"

"எங்கப்பா செருப்பக் கழட்டுன எடத்தத் தேடறேனுங்க. காணோம்" என்றேன். சொல்லும்போதே எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.