கொள்ளையர் வீட்டைக் காட்டிக் கொடுத்தேன்

தாரும் உப்பும் பழந்தேக்கும் கலந்த ஒரு வாடை; மழைக்காலத்தில் சற்றுக் கூடுதலாக அடிக்கும். நாகூருக்கு அருகே ஒரு மீனவக் குப்பத்தில், என் வகுப்புத் தோழன் கலியபெருமாளின் வீட்டு வாசற்காலிலிருந்து வந்த வாடை அது. உடைந்த கப்பலொன்றின் மரத்தில் செய்த வாசற்கால். பதிமூன்று வயதில், ஒரு பரிசுக்காக, அதைப் பெயர்த்தெடுக்க வழிசெய்தவன் நான். தெரியாமல் செய்துவிட்டேன் என்று அறுபது ஆண்டுகளாகச் சொல்லிவந்தேன். பொய். தெரிந்தேதான் செய்தேன்.

நான் திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்து நெல்வயல்களில் பிறந்தவன்; அப்பாவுக்கு வேலைமாற்றல் வந்ததால் கடற்கரைக்குக் குடிவந்தோம். எங்கள் ஊரில் வரப்புக்கு இந்தப் பக்கம் ஒருவருக்கு, அந்தப் பக்கம் இன்னொருவருக்கு. வாய்க்காலில் மிதந்து வரும் தேங்காயைக்கூட யார் வீட்டு மரத்தது என்று விசாரிப்பார்கள். கரையிலோ வேறு வழக்கம். கப்பல் உடைந்து மரம் ஒதுங்கினால், குப்பத்துத் தலைவர்களான 'நாட்டார்' முன்னிலையில் கூறு போடுவார்கள். முதல் கூறு கணவனைக் கடலுக்குக் கொடுத்த பெண்களுக்கு. அதற்கும் முன்னால், தண்ணீரில் தத்தளிக்கும் ஆட்களைத் தூக்கிவந்து கஞ்சி ஊற்றிய பிறகே பலகையில் கை வைக்கலாம். "உசுரு கரையேறாம கட்டை கரையேறக் கூடாது" என்பார் கலியபெருமாளின் அப்பா சிங்காரம்.

"யாரையும் கேக்காம எடுத்துக்கலாமா?" என்று நான் கேட்டதற்கு விழுந்து விழுந்து சிரித்தார். "உங்க ஊருல மழைத்தண்ணிக்கும் பட்டா வச்சிருப்பீங்க போல, தம்பி!"

கொள்ளையர் கதையையும் அவர்தான் சொன்னார். முற்காலத்தில் பீரங்கிக் கப்பல்களில் வந்த பறங்கியர், தங்களிடம் 'சீட்டு' வாங்காமல் யாரும் கடலோடக் கூடாது என்றார்கள். சீட்டில்லாத தோணியை மறித்துச் சரக்கைப் பிடுங்கினார்கள். எதிர்த்தவர்களைக் கடலில் தள்ளினார்கள். நாகூர் முஸ்லிம் வணிகர்களான மரக்காயர்களின் கப்பல்களில் பாய் கட்டப் போன சிங்காரத்தின் முன்னோர் சிலர் அப்படித்தான் வீடு திரும்பவில்லை. திருப்பி அடித்தவர்களுக்குப் பறங்கியர் எழுதிவைத்த பெயர் 'கடற்கொள்ளையர்'. "நம்ம கடல்ல நமக்கே சீட்டு வித்தவன் தொரை, அதக் கிழிச்சவன் திருடனாம். நல்லாருக்குல்ல?" என்று சொல்லித் துப்புவார்.

இவ்வளவையும் கேட்டுவிட்டுத்தான் ஆண்டுவிழாக் கட்டுரைப் போட்டிக்கு 'நம் கரையின் கடற்கொள்ளையர்' என்று எழுதினேன். அப்பாவின் அலுவலகத்தில் கிடந்த வெள்ளைக்காரர் காலத்துப் புத்தகமொன்று, கரைக்காரர்களைப் பரம்பரைக் கொள்ளையர் என்றது. அச்சில் இருப்பதற்குத்தான் பரிசு கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். சிங்காரம் சொன்னதைத் தலைகீழாக்கினேன். அந்தக் கொள்ளைக்குச் சாட்சியாக இன்றும் ஒரு வீட்டில் கப்பல்மர வாசற்கால் நிற்கிறது என்று முடித்தேன்.

மேடையில் வாசித்து முடித்ததும், சிறப்பு விருந்தினராக வந்திருந்த போலீஸ் அதிகாரி சிரித்துக்கொண்டே, "அது எந்த வீடு, தம்பி?" என்றார். கீழே தரையில் உட்கார்ந்திருந்த கலியபெருமாள் என்னையே பார்த்தான். நான் ஒலிபெருக்கியில் அவன் அப்பா பெயரைச் சொன்னேன்.

மறுமாதம் ஒரு சரக்குத் தோணி தரைதட்டி, அதிலிருந்த மூட்டைகள் காணாமற்போயின. போலீஸ் நேராக அந்த வீட்டுக்குப் போனது. வாசற்காலைக் கடப்பாறையால் பெயர்த்து வண்டியில் ஏற்றினார்கள், சிங்காரத்தையும் ஏற்றினார்கள். காணாமற்போனவை சர்க்கரை மூட்டைகள், அவற்றைக் கடல்தான் கரைத்துவிட்டது என்று தெரிந்து ஒன்பதாம் நாள் அவரை விட்டபோது, அவருடைய வலது கை துடுப்புப் பிடிக்கும் நிலையில் இல்லை. வகுப்பில் பையன்கள், "டேய் கொள்ளைக்காரா, என் பென்சில் எங்கடா?" என்று கத்தினார்கள். கலியபெருமாள் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனான், திரும்ப வரவேயில்லை. எந்த வாத்தியாரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

இந்த ஆண்டு அதே பள்ளி, அந்தக் கட்டுரையை விழா மலரில் மறுபடி வெளியிட என்னிடம் அனுமதி கேட்டது. கடிதத்தைக் கிழித்தெறிந்தேன். இத்தனை ஆண்டுகளில் ஒருவருக்குக்கூட அது பொய் என்று தோன்றவில்லையே! யாரோ அதை வைத்து 'கொள்ளையர் கிராமம்' என்று வீடியோ வேறு போட்டிருக்கிறான். அதைப் பார்த்துவிட்டு வெளியூர்க்காரர்கள் படமெடுக்க வருகிறார்கள். எதைப் படமெடுப்பார்கள்? குப்பத்தைச் சுனாமி வழித்துக்கொண்டு போய்விட்டது. கரை நெடுகக் கருங்கல் கொட்டியாயிற்று. மரம் ஒதுங்க மணல் இல்லை, கூறு போட்ட வழக்கம் இளையவர்களுக்குத் தெரியாது.

கரையிலிருந்து தள்ளிக் கட்டிய வரிசை வீடுகளில் கலியபெருமாளைத் தேடிப் பிடித்தேன். வலையின் கிழிசலை முடிந்துகொண்டிருந்தான். "வாங்க சார்" என்றான், ஒருகாலத்தில் என்னை 'டா' போட்டு அழைத்தவன். எழுதிக்கொண்டு போயிருந்த மன்னிப்பை வாசித்தேன். முழுக்கக் கேட்டான்.

"எங்கப்பா செத்து முப்பது வருசமாச்சு. எங்கிட்ட எதுக்குப் படிக்கிறீங்க? ஊருக்கே கேக்குறாப்புலதான சொன்னீங்க? ஊருக்கே கேக்குறாப்புல சொல்லுங்க."

சொன்னேன். மலரில் கட்டுரை வராமல் நிறுத்தினேன். விழா மேடையில் ஏறி, நான் எழுதியது பொய், கொள்ளையடித்தவர்கள் சீட்டு விற்றவர்களே, அவர்களுடைய சொல்லை எழுதிப் பரிசு வாங்கி, குற்றமற்ற ஒரு மனிதரின் கையை ஒடிக்கக் கொடுத்தவன் நான் என்று, சிங்காரத்தின் பெயரையும் என் பெயரையும் சொல்லிச் சொன்னேன். மறுநாள் கலியபெருமாளிடம் போனேன்.

"பேத்தி அங்கதான் படிக்குது, சொல்லுச்சு. நல்லாப் பேசினீங்களாம். எல்லாரும் கைதட்டினாங்களாமே?"

"ஆமாம்."

"அன்னிக்கும் தட்டினாங்க."

பிறகு வலையைப் பார்த்துக் குனிந்துகொண்டான். உட்காரச் சொல்லவில்லை, போகச் சொல்லவுமில்லை. நான் நின்றுகொண்டே இருந்தேன். ஒரு கிழிசலை முடிந்துவிட்டு, தலை நிமிராமல் சொன்னான்:

"அஞ்சரை பஸ்ஸ விட்டுட்டா அடுத்தது கெடையாது, சார்."