கேதம் கேட்காதவர்கள்

என் தம்பி செத்தபோது எங்கள் வாசிப்புக் குழுவிலிருந்து வாட்ஸ்அப்பில் எனக்கு வந்தது ஒரு தாமரைப் படம். அடியில் 'யாவும் நிலையற்றவை' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே வரிசையாகக் கை கூப்பின பொம்மைகள். பௌத்த நூல்களைச் சேர்ந்து உட்கார்ந்து படிக்கிற கூட்டம் எங்களுடையது. என்னையும் சேர்த்து எட்டுப் பேர், எல்லாரும் காரைக்குடிக்காரர்கள். செக்காலையில் இருக்கிற என் வீட்டுக்கு ஆட்டோ ஏறினால் எண்ணி இரண்டு திருப்பம். ஒருவர்கூட கேதம் கேட்க வரவில்லை.

நல்லதுக்குக் கூப்பிட்டால் போ, கெட்டதுக்குக் கூப்பிடாமலே போ என்பார்கள் எங்கள் பக்கம். வரப்புத் தகராறில் வருஷக்கணக்காக முகம் பார்க்காத பங்காளிகூட வந்தார். தரையில் உட்கார்ந்து, "என்னத்தா செஞ்சுச்சு?" என்று கேட்டார். முதலிலிருந்து சொன்னேன். சொல்லும்போதுதான் நெஞ்சு அடைப்பு கொஞ்சம் விடுகிறது.

படித்தவர்களுக்கு இது தெரியாதா? அவர்கள் எல்லாருடைய போனையும் பழுது பார்த்துக் கொடுத்தவன் என் தம்பி. குழு கூடும் நாளில் என்னை வண்டியில் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவந்தவனும் அவன்தான். "இன்னைக்காச்சும் ஒன்னைய வாயை மூடச் சொன்னாராக்கா புத்தரு?" என்று திரும்பும்போது கேட்டுச் சிரிப்பான்.

காரியம் முடிந்து கொஞ்ச நாளில் முகாம் வந்தது. கோவிலூர்ப் பக்கம் ஒரு பெரிய வீட்டை வாடகைக்கு எடுத்து, மூன்று நாள் தங்கிப் படிப்பது வழக்கம். வீட்டுக்கு வரத்தான் கூச்சப்பட்டிருப்பார்கள், நேரில் பார்த்தால் கேட்பார்கள் என்ற நப்பாசையில் போனேன்.

குழுவை நடத்துகிறவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். எங்களுக்கு அவர் சார். வாசலிலேயே என்னைப் பார்த்து, "முகத்துல நல்ல அமைதி தெரியுது" என்றார். அமைதியாம்! அழுது அழுது வீங்கிக் கிடந்த முகம் அது. பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி காபியை நீட்டி, சர்க்கரை போதுமா என்று கேட்டாள். மற்றவர்கள் வெயிலைப் பற்றிப் பேசினார்கள். அன்று முழுக்கக் காத்திருந்தேன். ஒருவர் வாயிலும் தம்பி வரவில்லை.

மறுநாள் காலை வாசிப்பில் எனக்கென்றே சார் எடுத்து வைத்திருந்தது கடுகுக் கதை. செத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி புத்தரிடம் வந்து உயிர் கேட்கிறாள். சாவு விழாத வீட்டிலிருந்து கொஞ்சம் கடுகு வாங்கி வா என்கிறார் அவர். வீடு வீடாகப் போகிறாள். அப்படி ஒரு வீடு எங்கேயும் இல்லை. வாசித்து முடித்ததும் சார் கண்ணை மூடியபடி, "இதுல இருந்து என்ன எடுத்துக்கிறீக?" என்றார்.

எனக்கு வந்ததே ஆத்திரம்!

"சார், அவ வீடு வீடாப் போனா. ஒவ்வொரு வீட்டுலயும் வாசலுக்கு வந்து, எங்க வீட்டுல இன்னார் செத்துப்போனாகன்னு சொன்னாக. அவ கையில கெடந்த பிள்ளையப் பாத்துட்டு, என்னாச்சுத்தான்னு கேக்காமலா இருந்திருப்பாக? அதுலதான் அவளுக்கு ஆறியிருக்கும். நீங்க ஒருத்தராச்சும் என் வாசல்ல வந்து நின்னீகளா?"

சார் பக்கத்திலிருந்த வெண்கல மணியைத் தட்டினார். அதைத் தட்டினால் எல்லாரும் பேச்சை நிறுத்தி மூச்சைக் கவனிக்க வேண்டும். நான் மணியைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

"உங்க மனசைக் கலைக்கக் கூடாதுன்னுதான்..." என்று இழுத்தாள் டீச்சர்.

"கலைஞ்சுதான் கெடக்கு. நீங்க என்னத்தப் புதுசாக் கலைக்கப் போறீக?"

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று சொல்லிவிட்டு, மடியில் கிடந்ததையெல்லாம் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் பைக்குள் மணி கிடக்கிறது.

முகாம் முடிந்த மறுநாள் காலையில் சார் வந்து வாசலில் நின்றார். மணிக்குத்தான் வந்திருக்கிறார் என்று, நங்கென்று அதைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. தரையில் உட்கார்ந்து சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"இந்த டிஸ்ப்ளே அவன் மாத்திக் குடுத்தது" என்றார். போனைக் கீழே வைத்துவிட்டு, "என்னத்தா செஞ்சுச்சு?" என்றார்.

"இத்தன நாள் எங்க போனீக?" என்று கத்தினேன். வாயில் வந்தபடி திட்டினேன். தீரும்வரை இருந்தார். அப்புறம் சொன்னேன். கடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, வாயு என்று நினைத்து சோடா வாங்கிக் குடித்தது, ஷட்டரை இறக்கிவிட்டு வருகிறேன் என்று எனக்குப் போன் பண்ணினது, வராமல் போனது, எல்லாம் சொன்னேன். 'நிலையற்றவை' என்று அவர் ஒரு தடவைகூடக் குறுக்கே வரவில்லை. மூக்கை மட்டும் துடைத்துக்கொண்டார்.

கேதம் கேட்க வந்தவர்கள் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிக்கொள்வதில்லை. அவரும் சொல்லவில்லை. எழுந்து, மணியை அங்கேயே விட்டுவிட்டுப் படி இறங்கிப் போனார்.

மணி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. மீதி ஆறு பேரும் வரட்டும், கொடுக்கிறேன்.